கயிற்றில் கை வைத்தவர் பங்கு

எங்கள் குப்பத்தில் பெரிய வலைக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. கயிற்றில் கை வைத்தவருக்குத்தான் மீன். வலைக்காரருக்கும், கட்டுமரத்தில் போய்க் கடலில் வலையை வளைத்துவிட்டு வருகிறவர்களுக்கும் தனிப் பங்கு. அது போக மிஞ்சியதைக் கரையில் நின்று இழுத்தவர்களுக்குச் சமமாகக் கூறு போடுவார்கள். முழங்கால் தண்ணீரில் நின்று பல்லைக் கடித்து இழுக்கிறவனுக்கும், கடைசியில் நின்று வந்த கயிற்றைச் சுருட்டி வைக்கிறவருக்கும் ஒரே கூறுதான். அந்தக் கடைசி இடத்துக்கு வால் என்று பெயர். வயதானவர்களும் காய்ச்சலிலிருந்து எழுந்தவர்களும் வாலில் நிற்பார்கள். அவர்கள் இழுத்தார்களா என்று யாரும் பார்ப்பதில்லை. ஆனால் கை கயிற்றில் இருக்க வேண்டும். வீட்டில் படுத்திருப்பவனுக்குக் கூறு கிடையாது.

பெண்கள் கயிறு பிடிப்பதில்லை. புருஷன் போன பெண் மட்டும் பிடிக்கலாம். பதினாறாம் நாள் கழிந்ததும் குப்பத்துத் தலைவர், அவரை நாங்கள் நாட்டார் என்போம், கயிற்றின் வாலை எடுத்து அவள் கையில் கொடுப்பார். அன்று முதல் அவளுக்கும் ஒரு கூறு. யாரும் பசியில் கிடக்கக் கூடாது என்று ஏற்பட்ட வழக்கம். நல்ல வழக்கம்தான். என் வீட்டில் அது எப்படித் திரும்பியது என்பதை இத்தனை வருஷமாக நான் யாரிடமும் சொன்னதில்லை. எனக்குப் பேச்சு வராது. எழுதுவது கொஞ்சம் பரவாயில்லை.

என் அம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு கூவினால் நாலு தெரு தள்ளி இருப்பவர்கள் சட்டியோடு வாசலுக்கு வருவார்கள். எனக்கு அந்தக் குரல் அமையவில்லை. கூடை நிறைய மீனோடு அனுப்பினால் கூடை நிறைய மீனோடு திரும்பி வருவேன். "இது கூடைக்கு லாயக்கில்ல" என்று அப்பா என்னைப் பள்ளிக்கூடத்தில் விட்டார். எட்டாவது வரை படித்தேன். பிறகு திருவொற்றியூருக்கு வடக்கே, கடலை ஒட்டிய இந்தக் குப்பத்தில் கட்டிக் கொடுத்தார்கள். யுத்தம் முடிந்தும் ரேஷன் முடியாமல் இருந்த காலம் அது.

என் கணவர் பெரிய உடம்புக்காரர் இல்லை. ஆனால் நனைந்த கட்டுமரத்தின் நடுமரத்தைத் தனியாகத் தோளில் ஏற்றிக்கொண்டு மணலில் நடப்பார். நன்றாகச் சாப்பிடுவார். ரேஷன் அரிசி வாரத்தின் பாதியிலேயே தீர்ந்துவிடும். அப்புறம் மீனும் கிழங்கும்தான். இவ்வளவும் எங்கே போகிறது, உடம்பில் ஒரு பிடி சதைகூட ஏறவில்லையே என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும்.

ஒரு நாள் வஞ்சிரம் ஒன்றை அறுத்தேன். வயிற்றுக்குள் முழு முழு நெத்திலியாக இருந்தது. ஒரு தடவைக்கே இவ்வளவு என்றால், இந்த மீன் வளர்ந்த நாள் முழுக்கத் தின்ற நெத்திலி எத்தனை கூடை இருக்கும்? அத்தனை கூடையும் சேர்ந்து இந்த ஒரே மீன்தானா? இதை அவரிடம் கேட்டேன். அவரிடம் மட்டும் எனக்குக் கேள்வி கேட்க வரும்.

"நீந்த வாணாவாமே?" என்றார். "துன்றதுல முக்காவாசி அடுத்தத தொரத்தறதுக்கே பூடும். ரவதான் ஒடம்புல ஒட்டும். என்னியப் பாரு. உன் கொழம்பு பூரா துடுப்புல பூடுது."

"அப்ப ஓடாம குந்தினிருந்தா?"

"குந்தினிருந்தா யார் வந்து வாயில ஊட்டுவாங்க? நீயா?" என்று சிரித்தார்.

அடுத்த மழைக்காலத்தில் இருமல் பிடித்தது. கஷாயம், மிளகு, தர்காவில் மந்திரித்த தாயத்து எல்லாம் ஆயிற்று. தை மாதம் துணியில் ரத்தம் பார்த்தேன். ராயபுரத்துக்குப் போய் ஆஸ்பத்திரியில் காட்டினோம். எலும்புருக்கி என்றார்கள். மருந்து கலக்கிக் கொடுத்த கம்பவுண்டர் அவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்.

"இதோ பாரும்மா. இவருக்கு ரெண்டே வைத்தியம்தான். நல்லா சாப்பிடணும், வேலையே செய்யக் கூடாது. ரெண்டும் சேர்ந்து நடக்கணும். உள்ள போறதுல பாதியைக் காய்ச்சலே எரிச்சிடும். மிச்சத்தை வேலையில செலவு பண்ணிட்டா, அப்புறம் உடம்பைத்தான் எரிக்கணும். புரியுதா?"

நான் தலையாட்டினேன். ரயிலில் திரும்பி வரும்போது அவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே இருந்தார். "வேல செய்யாம நல்லா சாப்புடணுமாம். அந்தாளு எந்த ஊருமே? ரயில்வேக்காரன் வூட்ல பொறந்திருப்பான்." இஞ்சின் புகை உள்ளே வந்து, அந்தச் சிரிப்பு இருமலில் முடிந்தது.

முதல் ஒரு மாதம் அவர் படுத்துத்தான் இருந்தார். அவருடைய அண்ணன் கட்டுமரத்தில் போய்வந்து தன் பங்கிலிருந்து கொடுத்தனுப்புவார். அண்ணன் வீட்டில் ஐந்து பிள்ளைகள். அவர் மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். நான் காயவைக்கும் கருவாட்டையும் சேர்த்து அக்காதான் சந்தைக்கு எடுத்துப் போய் விற்றுத் தருவாள். நாலு பேர் வாயை அடைக்கக் கூடியவள், நல்ல மனசு. அவள் கொண்டுவந்த மீன் முதலில் சட்டி நிறைய இருந்தது. பிறகு பாதியாயிற்று. மாசியில் கரையோரத்து மீனே குறைந்துபோனது. ஒரு நாள் நாலு காரப்பொடி மீனை இலையில் வைத்துக்கொண்டு, முகத்தைக் காட்டாமல் நின்றாள்.

"இன்னிக்கு இதான் கீது. பசங்களுக்கு ரசம் வச்சிட்டேன்."

அவள் போன பிறகு அவர் அந்த இலையைத் தொடவில்லை. மறுநாள் காலை தீப்பெட்டிக் கம்பெனி சங்கு ஊதியபோது எழுந்து லுங்கியை மடித்துக் கட்டினார்.

"எங்க போற?"

"வால்ல நிக்கப் போறன். சும்மா கைய வச்சிகினா போதும். நாட்டாரே சொல்லி அனுச்சிட்டாரு."

உண்மையில் நாட்டார் அன்போடுதான் சொல்லி அனுப்பியிருந்தார். குப்பத்தில் எல்லாருமே அன்பாகத்தான் இருந்தார்கள். அவர் நடந்து வருவதைப் பார்த்ததும், "வா மாமு! மாப்ள கணக்கா நில்லு. நாங்க இஸ்துக்குறோம், நீ கயித்துக்குக் கைய காட்டு" என்று கத்தினார்கள். ஒருவன் கயிற்றின் வாலைத் தூக்கி மாலை போடுவதுபோல் அவர் தோளில் போட்டான். அவருக்கு அன்றைக்கு முகம் நிறைந்திருந்தது. ஒரு கூறு மீனை மேல்துணியில் முடிந்து எடுத்து வந்தார்.

நானும் நிம்மதியாகத்தான் இருந்தேன். அதுதான் என் தப்பு. கயிற்றைத் தொட்டபடி சும்மா நிற்க அவருக்குத் தெரியாது என்பதை நான் யோசிக்கவில்லை. பத்து வயதிலிருந்து பிடித்த கயிறு. முன்னால் நிற்பவர்கள் குரல் கொடுத்து ஒன்றாகச் சாயும்போது அவர் உடம்பும் தானாகச் சாய்ந்துவிடும். குதிகால் மணலில் பதியும். ஒரு கூறு மீனுக்கு அவர் என்ன கொடுக்கிறார் என்று எனக்கு மூன்றாவது வாரத்தில்தான் தெரிந்தது. மேல்கையில் இறுக்கமாகக் கட்டியிருந்த தாயத்து முழங்கை வரை இறங்கி வந்திருந்தது. நான் அதை மேலே ஏற்றி முடிச்சை இறுக்கினேன். அடுத்த வாரம் மறுபடி இறங்கியிருந்தது.

கூறும் சிறுத்துக்கொண்டே வந்தது. மீன் குறையக் குறையக் கயிற்றுக்கு ஆட்கள் கூடினார்கள். துறைமுகத்தில் கூலி கிடைக்காதவர்கள், உப்பளத்து ஆட்கள், யார் வந்து கை வைத்தாலும் இல்லை என்று சொல்லும் வழக்கம் இல்லை. முப்பது பேர் இழுத்த வலையை அறுபது பேர் இழுத்தார்கள். வலையின் மடியில் மீனைவிடப் பாசியும் சொறி மீனும் அதிகமாக வந்தன. அறுபது பேர் வியர்வை மணலில் சொட்டியது. ஆளுக்கு ஒரு கைப்பிடி காரப்பொடி. அதில் முள்ளும் தலையும் போக என்ன இருக்கும்? நான் அதைக் குழம்பு வைத்து அவர் பக்கம் தள்ளுவேன். அவர் பாதியை என் பக்கம் தள்ளுவார். சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் காய்ச்சல் ஏறும். பக்கத்தில் உட்கார்ந்தாலே அனல் தெரியும். காலையில் கொடுத்த சோறும் மீனும்தான் இப்படி வெளியே வருகிறது என்று எனக்குத் தோன்றும். கம்பவுண்டர் சொன்னது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

அவர் வேலை செய்யாமல் அவர் பேருக்குக் கூறு வர வேண்டும். நாட்டார் மனம் வைத்தால் நடக்கும். நான் போய் ஒரு வார்த்தை கேட்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டு நாள் அந்த வார்த்தையைத் தயார் செய்தேன். "அவரு வால்லகூட நிக்கக் கூடாதாம். ரெண்டு மாசத்துக்குப் படுத்துகினே பங்கு குடுங்க." பள்ளிக்கூடத்துச் செய்யுள் மாதிரி மனப்பாடம் ஆகிவிட்டது.

நாட்டார் வீட்டு வாசலில் நாலைந்து ஆண்கள் வலை கிழிசலைக் கோத்துக்கொண்டிருந்தார்கள். நாட்டார் நிமிர்ந்து, "இன்னாமே? இந்தப் பக்கம்?" என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மனப்பாடம் செய்ததில் முதல் வார்த்தையே மறந்துபோயிற்று. படுத்துக்கொண்டே பங்கு கேட்டதாக என் கணவர் காதுக்குப் போனால் அவர் தலை எப்படி நிமிரும் என்ற நினைப்பும் வந்தது.

"ரவ உப்பு கீதான்னு..." என்றேன்.

நாட்டார் மனைவி ஒரு கொட்டாங்கச்சி நிறைய உப்பு கொடுத்தாள். எங்கள் வீட்டில் பானை நிறைய உப்பு இருந்தது.

பங்குனி கடைசியில் கடல் நிறம் மாறியது. இரண்டு நாள் தண்ணீர் பச்சையாகக் கலங்கி இருந்தது. மூன்றாம் நாள் விடிந்ததும் பறவைகள் கரைக்குப் பக்கத்திலேயே விழுந்து விழுந்து எழுந்தன. நெத்திலி வந்துவிட்டது. குப்பம் முழுக்கக் கரைக்கு ஓடியது. நான் கூடையோடு பெண்கள் பக்கம் நின்றேன்.

அன்றைக்கு வலை நகரவே இல்லை. மடி அவ்வளவு கனம். இரண்டு பக்கத்து ஆட்களும் மண்டி போட்டு இழுத்தார்கள். "வுடாத, வுடாத! கயிறு தளந்தா எல்லாம் பூடும்!" என்று நாட்டார் இங்கும் அங்கும் ஓடினார். வாலில் இருந்த கிழவர்கள்கூட நடுவுக்கு வந்துவிட்டார்கள். என் கணவரும் வந்துவிட்டார். கயிற்றை இடுப்பில் ஒரு சுற்று சுற்றிக்கொண்டு, உடம்பை முழுக்கப் பின்னால் போட்டு இழுத்தார். கல்யாணமான புதிதில் பார்த்த முகம் அது. சந்தோஷமாக இருந்தது அந்த முகம். அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும்.

'விடுய்யா' என்று ஒரு சொல். இருபது அடி தூரம்தான். நான் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை.

வலை கரையேறி மடியை அவிழ்த்தபோது வெள்ளி கொட்டியதுபோல் இருந்தது. எல்லாரும் கூச்சல் போட்டார்கள். அவர் மட்டும் கயிற்றோடு மணலில் உட்கார்ந்திருந்தார். வாயைப் பொத்திய கையின் விரல் இடுக்கில் ரத்தம் வந்தது. அண்ணன்தான் தூக்கி வந்து படுக்க வைத்தார்.

அன்றைக்கு ஆளுக்கு நாலு கூடை கூறு. ஆனால் எல்லார் வீட்டிலும் நாலு கூடை இருந்தால் யார் வாங்குவார்கள்? மணலில் பரப்பிக் காயவைத்தோம். மறுநாளே காலம் தவறிய ஒரு மழை வந்து எல்லாவற்றையும் ஊறவைத்தது. மூன்றாம் நாள் நாற்றம் தாங்கவில்லை. மாத்தூர் பக்கத்திலிருந்து தோட்டக்காரர்கள் வண்டி கொண்டுவந்து தென்னைக்கு எருவாக அள்ளிப் போனார்கள். நான் நின்று பார்த்தேன். அவர் நெஞ்சைக் கிழித்து இழுத்ததில் வீட்டில் மிஞ்சியது ஒரு சட்டி நெத்திலி. தென்னைக்காவது போயிற்று என்று மற்றவர்கள் ஆறுதலாகப் பேசிக்கொண்டார்கள். எனக்கு அந்த ஆறுதல் வரவில்லை.

ஒரு வாரத்தில் அவர் மறுபடி எழுந்து உட்கார்ந்தார். லுங்கியை மடிக்கக் கை போயிற்று.

"நீ போவாத" என்றேன். "நா போறேன்."

"எங்க?"

"கயித்துக்கு."

"நா செத்தப்பால புடி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஊரில் எல்லாருக்கும் தெரிந்த ஒன்றைச் சொல்வதுபோல் சொன்னார். பிறகு எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. நான் கதவைச் சாத்திவிட்டுப் போனேன்.

வலை கடலில் இருந்தது. ஆண்கள் இழுத்துக்கொண்டிருந்தார்கள். நான் யாரையும் பார்க்காமல் வாலுக்குப் போய்க் கயிற்றைப் பிடித்தேன். ஈரமும் மணலுமாகக் கையை அறுத்தது. முதலில் யாரும் கவனிக்கவில்லை. அக்காதான் பார்த்தாள்.

"அடிப்பாவி! உசுரோட கீற புருசனுக்கு இன்னா காரியம்டி பண்ற? வுட்றீ கயித்த! மஞ்சக் கயிறு கழுத்துல கீது, கையில இத்தப் புட்ச்சிகினு நிக்கிற?" என்று மார்பில் அடித்துக்கொண்டு ஓடிவந்து என் கையைப் பிரித்தாள். நான் விடவில்லை. அவள் என் முதுகில் குத்தினாள். பிறகு என் தோளில் சாய்ந்து அழுதாள். வலை தண்ணீரில் இருந்ததால் யாரும் இழுப்பதை நிறுத்த முடியவில்லை. தலையை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

கூறு போடும்போது என் முறை வந்ததும் பங்கு கூவுகிறவர் நிறுத்திவிட்டார். "யார் பேர்ல கூவறது?" என்றார். புருஷன் போனவர்களை இன்னார் பெண்டாட்டி என்று கூவுவது வழக்கம். நாட்டார் குனிந்து அந்தக் கூறைத் தன் கையாலேயே என் கூடையில் தள்ளினார்.

"அவன் பேர்லியே கூவு. அவன் கைதான் அது" என்றார்.

கூடையைத் தூக்கிக்கொண்டு நான் நடந்தபோது நாட்டாரும் கூடவே வந்தார். "அன்னிக்கு உப்புக்கா வந்தே?" என்றார். நான் கூடையை இடுப்பில் மாற்றி வைத்தேன். "மூஞ்சியப் பார்த்தே தெரிஞ்சிகினேன், உப்புக்கு இல்லன்னு. நீயா சொல்லட்டும்னு வுட்டுட்டேன். ஒரு வார்த்த கேட்டிருந்தா நா இல்லன்னிருப்பனா?"

நான் கேட்கவில்லை. நாட்டாரும் கேட்கவில்லை. இரண்டில் எது பெரிது என்று நான் எத்தனையோ தடவை நிறுத்துப் பார்த்துவிட்டேன். என்னுடையதுதான் ஒவ்வொரு தடவையும் தாழ்கிறது.

மூன்று நாள் என் கணவர் என்னோடு பேசவில்லை. சட்டியை வைத்தால் சுவர்ப் பக்கம் திரும்பிச் சாப்பிட்டார். ஆனால் சாப்பிட்டார். நாலாம் நாள் சாயங்காலம் கூறு கொஞ்சம் பெரிதாக வந்திருந்தது. ஒரு சங்கரா மீன்கூட இருந்தது. சாப்பிட்டு முடித்து, கையை நீட்டி என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். கயிறு உரசித் தோல் உரிந்திருந்தது. அதை இழுத்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டார். காய்ச்சல் ஏற ஆரம்பித்திருந்தது.

"சூடா கீதா?"

"உம்."

"நீ இஸ்து வந்த மீனெல்லாம் இங்கதான் எரியுது. வஞ்சிரமாச்சும் நீந்திச்சி. நான் படுத்துகினே எரிக்கிறேன் பாரு" என்றார். சிரிக்கப் பார்த்தார்.

கையை எடுக்கச் சொல்லவில்லை. நானும் எடுக்கவில்லை.

அதன் பிறகு அவர் வாலுக்கு வருவதாகச் சொல்லவே இல்லை. நான் தினமும் இழுத்தேன், அவர் தினமும் சாப்பிட்டார். கம்பவுண்டர் சொன்ன இரண்டு வைத்தியமும் சேர்ந்து நடந்தது அந்த இரண்டு மாதம்தான். சில நாள் கன்னத்தில் கொஞ்சம் தெளிவு தெரியும். நான் உள்ளுக்குள் நம்ப ஆரம்பிப்பேன். நாலு மணி ஆனதும் அனல் ஏறிவிடும். இதையே தை மாதத்தில் செய்திருந்தால் போதுமானதாக இருந்திருக்குமா, அப்போதும் போதாமல் போயிருக்குமா என்று எனக்குச் சொல்லக் கூடியவர் யாரும் இல்லை.

ஆனியில் ஒரு நாள் காலை, கம்பெனி சங்கு ஊதியபோது, வழக்கம்போல் அவர் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்ப நினைத்தேன். சூடு இல்லை.

அதற்குள் வலை போட்டுவிட்டார்கள். பாதியில் விட முடியாது. இழுத்து முடித்துவிட்டுத்தான் எல்லாரும் எங்கள் வாசலுக்கு வந்தார்கள். கூறு போடும் இடத்தில் பங்கு கூவுகிறவர் அன்றைக்கும் அவர் பெயரைக் கூவினாராம். எங்கள் வீட்டு ஆள் யாருமே கயிற்றைத் தொடாத நாள். நாட்டார் தடுக்கவில்லையாம். அக்கா அந்தக் கூறைக் கொண்டுவந்து வாசலில் வைத்தாள். அன்றைக்கு எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது. அதனால் அப்படியே எடுத்துப் போய்த் தன் ஐந்து பிள்ளைகளுக்கும் குழம்பு வைத்தாள்.